நெப்போலியனின் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்

நெப்போலியன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முன்னங்கால் தூக்கிய வெள்ளைக் குதிரை, அகலவாட்டில் வைத்த தொப்பி, கோட்டுக்குள் செருகிய கை. அதெல்லாம் ஓவியர்கள் காசு வாங்கிக்கொண்டு வரைந்தது. அவர்கள் வரையாமல் விட்ட காட்சி ஒன்று உண்டு. நாற்பத்தாறு வயசு, கொஞ்சம் தொப்பை, எதிரே ஒரு காகிதம், கையில் பேனா. ஐரோப்பாவின் எல்லைக்கோடுகளை அழித்து அழித்து எழுதியவர், இங்கிலீஷில் ‘நான்’ என்பதற்கு எந்த எழுத்து என்று தெரியாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆமாம் சார், நெப்போலியன் இங்கிலீஷ் டியூஷன் போனார். போனார் என்பதுகூடத் தப்பு, சிறைக்கே மாஸ்டர் வந்தார். வந்தார் என்பதும் தப்பு. மாஸ்டரும் அதே சிறையில்தான் இருந்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மனிதருக்கு மொழி ராசி என்பது பிறவியிலேயே கிடையாது. 1769ல் கார்சிகா தீவில் பிறந்தார். வீட்டில் பேசியது இத்தாலிய வாடை அடிக்கும் கார்சிகன். ஒன்பது வயசில் ஃபிரான்சுக்கு இழுத்துக்கொண்டு போய், சில மாதம் ஒதுன் என்ற ஊர்ப் பள்ளியில் போட்டு, அவசர அவசரமாகப் பிரெஞ்சைப் புகட்டினார்கள். அப்புறம் பிரியேன் ராணுவப் பள்ளி. பையன் தன் பெயரைத் தானே உச்சரித்த அழகைக் கேட்ட சக மாணவர்கள், ‘மூக்கில் வைக்கோல்’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பிற்பாடு அந்தப் பெயரைக் கேட்டு ஐரோப்பாவே நடுங்கியது. கூடப் படித்தவர்கள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன், பயத்தால் அல்ல.

போகப் போகப் பிரெஞ்சு வந்தது. ஸ்பெல்லிங் வரவில்லை. கடைசிவரை வரவே இல்லை. கையெழுத்தோ, அதைப் பார்த்தவர்கள் போர்க்களத்தின் வரைபடம் என்று நினைத்துவிடும் ரகம். ஆனால் சக்ரவர்த்தி ஆகிவிட்டால் இதெல்லாம் ஒரு குறையா? அவர் நடந்துகொண்டே சொல்வார், செக்ரட்டரிகள் விரல் தேய எழுதுவார்கள். ஒரு மனிதன் தன் எழுத்துப்பிழையை மறைக்கத்தான் சாம்ராஜ்யமே கட்டினான் என்று நான் சொன்னால் சரித்திரப் பேராசிரியர்கள் அடிக்க வருவார்கள். அதனால் சொல்லவில்லை.

ஜெர்மன் கதை இன்னும் மோசம். பிரியேனுக்கு அப்புறம் சேர்ந்த பாரிஸ் ராணுவப் பள்ளியில் பாயர் என்று ஒரு ஜெர்மன் வாத்தியார். ஒரு நாள் நெப்போலியன் வகுப்பில் இல்லை. “எங்கே அவன்?” “பீரங்கிப்படைப் பரீட்சை எழுதப் போயிருக்கான் சார்.” “அந்த மண்டுவுக்கு ஏதாவது தெரியுமா?” “என்ன சார் இப்படிச் சொல்றீங்க, ஸ்கூல்லயே கணக்குல அவன்தான் ஃபர்ஸ்ட்!” “அதானே பார்த்தேன். கணக்கு மடையன்களுக்குத்தான் வரும்.” இதை நெப்போலியனே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்ததாகக் கதை. வாத்தியாருக்கு அவர் கொடுத்த பதில், ஜெர்மன் ராஜ்யங்களை வரிசையாக மடக்கியது. ஒரு வார்த்தை ஜெர்மன் பேசாமல்.

கணக்கில் புலி என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இங்கிலாந்தைப் பிடிப்பது என்று தீர்மானித்தபோதாவது இங்கிலீஷ் கற்றாரா? மூச். 1803லிருந்து பூலோன் கடற்கரைப் பக்கம் பெரும் படையைக் குவித்து வைத்துக்கொண்டு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் தெரியும் வெள்ளைப் பாறைகளை முறைத்துக்கொண்டிருந்தார். லண்டனுக்குப் போகும்போது யாரிடமாவது வழி கேட்க வேண்டியிருக்குமே? அதற்கென்று இங்கிலீஷ் தெரிந்த ஆட்களைப் பொறுக்கி, ‘வழிகாட்டி மொழிபெயர்ப்பாளர்’ கம்பெனி ஒன்றை ராணுவத்திலேயே ஆரம்பித்தார். நாட்டைப் பிடிக்கும் வேலையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மொழியை அவுட்சோர்ஸ் செய்துவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. வெற்றி விழாவுக்குப் பதக்கமும் ரெடி. ஒரு பலசாலி இன்னொருவனைத் தூக்கி நெரிக்கும் படம், கீழே ‘லண்டனில் அச்சடிக்கப்பட்டது, 1804’ என்ற வாசகம். லண்டனில் அச்சடிக்க வேண்டுமானால் முதலில் லண்டன் கைக்கு வர வேண்டும் அல்லவா? வரவில்லை. நம் ஊரில் ஓட்டு எண்ணுவதற்கு முன்பே ‘வெற்றி வேட்பாளருக்கு வாழ்த்துகள்’ ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்களைப் பார்த்து இனிமேல் சிரிக்காதீர்கள். பெரிய இடத்துப் பழக்கம் அது.

அப்புறம் என்னென்னவோ நடந்தது, கடைசியில் வாட்டர்லூ. அதைப் பற்றி ஏற்கனவே ஏராளமான புத்தகம் இருக்கிறது, எனக்கு வேலை மிச்சம். நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான். அங்கே ஜெயித்த வெலிங்டனுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். பையனாக இருக்கும்போது ஃபிரான்சில் ஆன்ஜே என்ற ஊரில், குதிரையேற்றப் பள்ளியில் படித்தவர். அவர் சண்டைக்கு முன்பே டியூஷன் முடித்துவிட்டார். இவர் சண்டை முடிந்த பிறகு சேர்ந்தார்.

1815 ஜூலை 15. ரோஷ்ஃபோர் துறைமுகத்துக்கு வெளியே நின்ற பெல்லரோஃபோன் என்ற ஆங்கிலக் கப்பலில் ஏறி நெப்போலியன் சரணடைந்தார். கிரேக்கப் புராணத்து வீரனின் பெயர் அந்தக் கப்பலுக்கு. அதில் வேலை பார்த்த இங்கிலீஷ் மாலுமிகளுக்கு அது வாயில் நுழையாததால் ‘பில்லி ரஃப்பியன்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஏதோ பேட்டை ரவுடியைக் கூப்பிடுகிற மாதிரி. உச்சரிப்பு வராத ஒருவரை ஏற்றிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான வாகனம் கிடைத்திருக்காது.

ஏறும்போது அவர் மனசில் இருந்த திட்டத்தைக் கேட்டால் உங்களுக்கே பாவமாக இருக்கும். இங்கிலாந்தில் ஒரு கிராமத்து பங்களா, சுற்றிலும் கொஞ்சம் தோட்டம், மிச்சக் காலத்தை நிம்மதியாக ஓட்டிவிடலாம். இளவரசருக்குப் பிரமாதமாக ஒரு கடிதமும் எழுதியிருந்தார். எதிரியிடமே அடைக்கலம் புகுந்த பழைய கிரேக்கத் தளபதி தெமிஸ்டோக்ளிஸ் மாதிரி நானும் வருகிறேன் என்று. இருபது வருஷம் ஒருவர் வீட்டில் கல்லெறிந்துவிட்டு, அதே வீட்டு மாடிப் போர்ஷன் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்பதற்கு அசாத்திய நெஞ்சழுத்தம் வேண்டும்.

கரையில் கால் வைக்க விடவில்லை. டோர்பே, பிளிமத் என்று துறைமுகம் துறைமுகமாகக் கப்பல் நின்றது. ஜனங்கள் படகு படகாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். ‘இப்ப என்ன பண்றார்? இப்ப என்ன பண்றார்?’ என்று கீழிருந்து ஓயாத தொல்லை. கப்பல் சிப்பந்திகள் ஒரு பலகையைத் தொங்கவிட்டார்கள். ‘காலை உணவில் இருக்கிறார்’, ‘அறையில் எழுதிக்கொண்டிருக்கிறார்’, ‘சாப்பிடப் போகிறார்’ என்று அதில் அவ்வப்போது எழுதிப் போட்டார்கள். ஸ்டேட்டஸ் அப்டேட் என்பதை நம் செல்போன் கம்பெனிகள் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா? அதுவும் இவர் ஸ்டேட்டஸ் முழுக்க இங்கிலீஷில். சம்பந்தப்பட்டவரால் மட்டும் படிக்க முடியாது.

நடுவில் ஒரு கேள்வி வரும். இங்கிலீஷ் தெரியாமல் இங்கிலாந்தில் வாழ முடியாதா? தாராளமாக முடியும். நூறு வருஷத்துக்கு முன்பு, 1714ல், ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து ஜார்ஜ் என்பவரைக் கூப்பிட்டு அரியணையில் உட்கார வைத்தார்கள். அப்போது அவருக்கு வயசு ஐம்பத்து நான்கு, இங்கிலீஷ் தகராறு. மந்திரிகளோடு பிரெஞ்சில் பேசியே காலத்தை ஓட்டினார். ஆக, இங்கிலாந்துக்கு ராஜாவாக இருக்க இங்கிலீஷ் தேவையில்லை. கைதியாக இருக்கத்தான் தேவை.

கைதிக்கு ஒதுக்கிய இடம் செயின்ட் ஹெலினா. அட்லாண்டிக் கடல் நடுவில் ஒரு எரிமலைப் பாறை. பக்கத்து ஊர் எது என்று கேட்டால் ஆப்பிரிக்கா என்று பதில் சொல்ல வேண்டும், அதுவும் ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். அப்போது அந்தத் தீவு கிழக்கிந்தியக் கம்பெனியின் சொத்து. மதராஸிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் லண்டன் திரும்புகிற கப்பல்கள் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஸ்டாப்பிங். நம் ஊரில் சம்பாதித்த பணத்தோடு வீடு திரும்பிய துரைமார் எத்தனையோ பேர் அங்கே இறங்கிக் காலாற நடந்திருக்கிறார்கள். டீக்குடிக்க நிற்கும் இடத்தில் ஒருத்தரை நிரந்தரமாக இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் தண்டனை.

போகும் கப்பலில் சும்மா இருக்கிறோமே என்று இங்கிலீஷ் பாடம் ஆரம்பித்தார். சில நாளிலேயே விட்டுவிட்டார். ஜனவரி ஒண்ணாம் தேதி ஜிம்மில் சேர்கிறவர்களுக்கு இந்த வேகம் புரியும்.

1815 அக்டோபரில் தீவில் இறங்கினால், தங்கவேண்டிய வீடு தயாராகவில்லை. அதனால் பிரையர்ஸ் என்ற இடத்தில், கம்பெனி உத்தியோகஸ்தர் பால்கம் வீட்டுத் தோட்டத்துச் சிறு மண்டபத்தில் இரண்டு மாதம்போலத் தங்கினார். அதே பிரையர்ஸில் பத்து வருஷத்துக்கு முன்னால், 1805ல், இன்னொரு விருந்தாளி தங்கியிருந்தார். திப்பு சுல்தானோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சண்டை போட்டுவிட்டு, இந்தியாவிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி. அவர்தான் பிற்பாடு வெலிங்டன். இவர் பிரையர்ஸில் ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த சீசனில் அவர் பாரிஸில், நெப்போலியனின் எலிஸே மாளிகையில் ஜாகை. சும்மா இருப்பாரா? ‘போனியிடம் சொல்லுங்கள், அவர் வீடு எனக்கு ரொம்ப சௌகரியமாக இருக்கிறது, என் பழைய இடம் அவருக்கும் பிடித்திருக்கும் என்று நம்புகிறேன்’ என்கிற அர்த்தத்தில் தீவின் அட்மிரலுக்கு ஒரு கடிதம் போட்டார்.

திப்புவைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. 1799ல் கெய்ரோவிலிருந்து நெப்போலியன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்களை இங்கிலீஷ்காரனின் இரும்புப் பிடியிலிருந்து விடுவிக்க வருகிறேன் என்று. கடிதம் திப்புவிடம் போகவில்லை, வழியிலேயே இங்கிலீஷ்காரர்கள் கையில் சிக்கிவிட்டது. இங்கிலீஷ்காரர்களுக்கு அவர் எழுதியவற்றில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

பால்கம் வீட்டில் பெட்ஸி என்று பதின்மூன்று வயசுப் பெண். வீட்டிலேயே நன்றாகப் பிரெஞ்சு பேசுகிற வாலு. சின்ன வயசில் நெப்போலியன் என்றால் நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கண் எரியும் ராட்சசன் என்று சொல்லி அவளை வளர்த்திருந்தார்கள். வந்தவருக்கு எல்லாரையும்போல இரண்டு கண், அதுவும் ஓரளவு அழகான கண். அவளுக்கு ஏமாற்றம்தான். அதற்கப்புறம் பயம் போய்விட்டது. சக்ரவர்த்தியின் வாளை உருவி அவரையே சுவரோரம் மடக்கினாள். ஏணியில் ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு நாடாக ஏறிய நெப்போலியன் உச்சியிலிருந்து செயின்ட் ஹெலினாவில் தொப்பென்று விழுகிற மாதிரி ஒரு பொம்மை அவளிடம் இருந்தது. அதை அவரிடமே காட்டினாள். ஐரோப்பாவின் ராஜாக்கள் ஏழு முறை கூட்டணி கட்டியும் செய்ய முடியாததை எட்டாம் வகுப்பு செய்துவிட்டது.

அவர் அவளை ஜியாகரஃபி கேள்வி கேட்பார். ஃபிரான்சின் தலைநகர்? பாரிஸ். ரஷ்யாவின் தலைநகர்? இப்போ பீட்டர்ஸ்பர்க், முன்னால் மாஸ்கோ. மாஸ்கோவைக் கொளுத்தியது யார்? அவள் திருதிரு என்று விழிப்பாள். பாவம், சரியான பதிலைச் சொன்னால் ஃபெயில், தப்பான பதிலைச் சொன்னாலும் ஃபெயில். வினாத்தாள் தயாரித்தவரே குற்றவாளிப் பட்டியலில் இருக்கும் பரீட்சை வேறெங்கே நடந்திருக்கிறது?

இதெல்லாம் பிரெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. சரி, இங்கிலீஷ் எதற்கு? டிசம்பரில் லாங்வுட் வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஈரம், எலி, காற்று, சுற்றிலும் காவல்காரர்கள். பொழுதுபோக்கு என்று பார்த்தால் கப்பலில் வந்து சேரும் லண்டன் பத்திரிகைகள்தான். மாதக்கணக்கில் பழையவை, அத்தனையும் இங்கிலீஷ். அவற்றில் பெரும்பாலும் என்ன இருக்கும்? நெப்போலியனைத் திட்டிக் கட்டுரை, நெப்போலியனைத் திட்டிக் கடிதம். அதை இன்னொருத்தர் மொழிபெயர்த்துச் சொன்னால் கூச்சத்தில் பாதியை விழுங்கிவிடுவார். தன்னைப் பற்றிய வசவு முழுசாக வேண்டும் என்பதற்காக ஒரு மொழி கற்றுக்கொண்ட முதல் மனிதர் இவராகத்தான் இருக்கவேண்டும். இன்றைக்கு கமென்ட்டைப் படிக்காதே படிக்காதே என்றாலும் படிக்கிற பிரபலங்களுக்கு அவர்தான் குலதெய்வம்.

1816 ஜனவரி 17, முதல் வகுப்பு. மாஸ்டர் பெயர் லா காஸ். கவுன்ட் பட்டம் உள்ள பிரபு. குள்ள உருவம், ஐம்பதை நெருங்கும் வயசு, வாயைத் திறந்தால் ‘ஆஹா, சக்ரவர்த்தி!’. பிரெஞ்சுப் புரட்சியின்போது தலை தப்பினால் போதும் என்று லண்டனுக்கு ஓடி, அங்கே பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். சரித்திர அட்லஸ் ஒன்றை வேறு பெயரில் போட்டு நல்ல காசும் பார்த்தவர். தானாக விரும்பி, மகனையும் கூட்டிக்கொண்டு, இந்தத் தீவுக்கு வந்திருந்தார். கூட இருந்த தளபதிகளுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. இத்தனை போர்க்களம் பார்த்த நாம் வாசலில் நிற்கிறோம், கிராமர் தெரிந்தவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறானே!

நெப்போலியனுக்கு முன்னால் இங்கிலீஷ் கற்ற பிரெஞ்சுக்காரர்கள் இல்லையா? வால்டேர் இருக்கிறார். 1726ல் லண்டன் போய், ட்ரூரி லேன் நாடகக் கொட்டகையில் பிராம்ப்டரிடம் நாடகப் பிரதியைக் கடன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, மேடையில் பேசப்பேசப் படித்தே மொழியைப் பிடித்துவிட்டார். அவர் லண்டன் போன காரணம்? பாஸ்டீல் சிறையில் போட்டு, ஊரைவிட்டுப் போகிறேன் என்றதும் வெளியே விட்டார்கள். லா காஸ் தலைக்குப் பயந்து கற்றவர், நெப்போலியன் தீவில் அடைபட்டுக் கற்றவர். பிரெஞ்சுக்காரர்களுக்கு இங்கிலீஷ் வரவேண்டுமென்றால் முதலில் யாராவது துரத்தவேண்டும் போலிருக்கிறது.

வகுப்பு எப்படி நடந்தது என்பதற்கு சாட்சி இருக்கிறது. அவருடைய பயிற்சித் தாள்கள் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. பிரெஞ்சில் ஒரு வாக்கியம், பக்கத்தில் இங்கிலீஷில் அவருடைய முயற்சி. நம் ஊர் முப்பது நாள் புத்தகங்களில் என்ன இருக்கும்? ‘தபால் ஆபீஸ் எங்கே உள்ளது?’, ‘இந்தக் கத்தரிக்காய் என்ன விலை?’ கபில்தேவ் படத்தோடு விளம்பரம் வந்த ராபிடெக்ஸிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். நெப்போலியனுக்குத் தபால் ஆபீஸும் இல்லை, கத்தரிக்காய் வாங்கும் வேலையும் இல்லை. அதனால் தன் மனசில் இருந்ததையே பயிற்சி வாக்கியமாக்கினார்.

‘நீ எப்போது புத்திசாலி ஆவாய்?’ என்று ஒரு கேள்வி. பதில்: இந்தத் தீவில் இருக்கும்வரை ஆகமாட்டேன், பூமத்திய ரேகையைத் தாண்டியபிறகு ஆவேன். இன்னொன்று, ஃபிரான்சில் இறங்கும்போது ரொம்ப சந்தோஷப்படுவேன். காவல் போட்டிருக்கும் அரசாங்கத்தின் மொழியிலேயே தப்பிக்கும் திட்டத்தை எழுதிப் பயிற்சி செய்த ஒரே கைதி! யாராவது காவல்காரன் எடுத்துப் படித்திருந்தால்? கவலை வேண்டாம். அந்த இங்கிலீஷ் அவனுக்குப் புரிந்திருக்காது.

‘பெண்கள் எப்போதுமே தாங்கள் அழகு என்று நம்புகிறார்கள்’ என்றும் ஒரு வாக்கியம். எதிர்காலத்தை எழுதிப் பழகும்போது, என் மனைவி என்னிடம் வருவாள், மகன் பெரியவனாக, பலசாலியாக இருப்பான், சாப்பாட்டில் ஒரு பாட்டில் ஒயின் குடிக்க முடிந்தால் நானும் அவனோடு குடிப்பேன் என்று எழுதினார். மகனுக்கு அப்போது ஐந்து வயசு நிறையவில்லை, வியன்னாவில் தாத்தா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். மனைவி மரீ லூயீஸுக்கு நைப்பெர்க் என்று ஓர் ஆஸ்திரியத் தளபதியின் துணை ஏற்கனவே அமைந்துவிட்டது. எதிர்கால வினைச்சொல் மட்டும் அவருக்குப் பிழையில்லாமல் வந்திருந்தால்கூடப் பிரயோஜனம் இருந்திருக்காது.

இனி கணக்குக்கு வருவோம். 1816 மார்ச் 7ஆம் தேதி மாஸ்டருக்கு இங்கிலீஷிலேயே ஒரு கடிதம் எழுதினார். தேதி போடவே ஒரு பாரா பிடித்தது. இன்று காலை, மார்ச் ஏழு, வியாழன், இயேசு கிறிஸ்து பிறந்து ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறு என்று, பத்திர ஆபீஸில் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதுகிற பாணி. அப்புறம் விஷயம்: ‘சின்ஸ் சிக்ஸ் வீக், ஐ லேர்ன் தி இங்கிலீஷ் அண்ட் ஐ டூ நாட் எனி ப்ராக்ரஸ்.’ இதில் ஆறுக்கும் வாரத்துக்கும் ஸ்பெல்லிங் தப்பு, ‘ஐ’ வரவேண்டிய இடத்தில் ‘ஒய்’. மாஸ்டர் பெயரும் தப்பு. ஆனால் சொல்லவந்த விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ப்ராக்ரஸ் இல்லை என்பதற்கு அந்த வாக்கியத்தைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா?

மேலே படியுங்கள். ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள். நாளைக்கு ஐம்பது வார்த்தை வீதம் கற்றிருந்தால் இந்நேரம் இரண்டாயிரத்து இருநூறு வார்த்தை தெரிந்திருக்கும் என்கிறார். என்ன, நாற்பத்திரண்டை ஐம்பதால் பெருக்கிப் பார்த்தீர்களா? இரண்டாயிரத்து நூறுதான் வரும். கணக்கில் புலி! பாரிஸ் ராணுவப் பள்ளியில் லாப்லாஸே வந்து பரீட்சை வைத்துத் தேறிய ஆள்! ஃபிரான்சின் அறிவியல் கழகத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்! இங்கிலீஷில் கணக்குப் போட்டதும் நூறு வார்த்தை வட்டி போட்டுவிட்டது. ஜெர்மன் வாத்தியார் பாயர் எங்கிருந்தோ தலையாட்டியிருப்பார்.

இன்னொரு கணக்கும் உதைக்கிறது. ஜனவரி 17லிருந்து மார்ச் 7 வரை மொத்தம் ஐம்பது நாள். அவர் நாற்பத்திரண்டு என்கிறார். அப்படியானால் எட்டு நாள் கிளாஸ் கட்.

கடிதம் இன்னும் முடியவில்லை. அகராதியில் நாற்பதாயிரம் வார்த்தைக்கு மேல் இருக்கிறது, அதனால் இதைப்போல இருபது மடங்கு காலம், அதாவது நூற்றிருபது வாரம், இரண்டு வருஷத்துக்கும் மேல் ஆகும் என்று திட்டம் போடுகிறார். பாருங்கள், எந்தப் போருக்கும் இவ்வளவு துல்லியமாக பிளான் போட்டதில்லை. ரஷ்யாவுக்குப் போகும்முன் இப்படி வாரக்கணக்கு எழுதிப் பார்த்திருந்தால் இந்தத் தீவுக்கே வந்திருக்க மாட்டார். முடிவில், மொழி கற்பது பெரிய உழைப்பு, அதைச் சின்ன வயசிலேயே செய்துவிட வேண்டும் என்று முடிக்கிறார். சின்ன வயசில் அவருக்கு மொழி சொல்லிக்கொடுக்க முயன்றவர்களிடம் இதைப் பற்றி அபிப்பிராயம் கேட்காமல் இருப்பது நல்லது.

இரண்டு நாள் கழித்து இன்னொரு கடிதம். நேரம் நடுராத்திரிக்கு மேல் இரண்டு மணி. தூங்கியது போதும், மிச்ச ராத்திரியை உங்களோடு பேசிக் கழிக்கிறேன் என்று மாஸ்டருக்கு எழுதுகிறார். ஐரோப்பாவிலிருந்து ஒரு வாரத்தில் கப்பல் வரும், உங்கள் சம்சாரத்திடமிருந்து கடிதம் வரும் என்று ஆறுதல் சொல்கிறார். பிரெஞ்சில் யோசித்து, பிரெஞ்சு வார்த்தைக்கு இங்கிலீஷ் சட்டை மாட்டிவிட்டது வரிக்கு வரி தெரிகிறது. ‘ஒய் பிகாஸ்’ என்று ஆரம்பித்து இங்கிலீஷை நம் வழிக்குக் கொண்டுவரும் நாம் அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. கடைசியில் அவரே களைத்துப்போய், எனக்கும் அலுத்துவிட்டது, உங்களுக்கும் இது புரியாமல் கஷ்டமாக இருக்கும் என்று நிறுத்திவிட்டார். நெப்போலியன் தானாக முன்வந்து பின்வாங்கியது சரித்திரத்தில் அபூர்வம்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். படிக்க வந்துவிட்டது! பத்திரிகையை எடுத்தால் விஷயத்தைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குத் தேறிவிட்டார். பேச்சுதான் விவகாரம். எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே பிரெஞ்சு வழியில் உச்சரிப்பார். கேட்பதற்கு அது ஒரு புத்தம் புதிய மொழியாகவே இருந்தது என்று லா காஸ் எழுதிவைத்திருக்கிறார். கடைசிவரை உலகத்தில் அந்த மொழியைப் பேசியவர் ஒருவர், புரிந்துகொண்டவர் ஒருவர்.

போகட்டும், பேசித்தான் என்ன ஆகப்போகிறது? 1816 ஏப்ரலில் புது கவர்னர் வந்து இறங்கினார். ஹட்சன் லோ. விதியின் குறும்பைப் பாருங்கள். இந்த லோ ஒரு காலத்தில் ஆங்கிலப் படையில் கார்சிகா ஆட்களின் பட்டாளத்துக்குத் தலைவராக இருந்தவர். இத்தாலியன் சரளம். எனவே சிறைக் கண்காணிப்பாளரும் கைதியும் பேசியது கைதியின் வீட்டுப் பாஷையில். கைதியைக் கவனித்த டாக்டர் ஓமேரா அயர்லாந்துக்காரர், அவரோடும் இத்தாலியன்தான். லோவோடு ஆறே முறை சந்திப்பு, அதற்குள் நெப்போலியன் அவரைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டார். இங்கிலீஷ் மட்டும்தான் வழி என்று இருந்திருந்தால் இருவரும் நல்ல நண்பர்களாகவே காலத்தை ஓட்டியிருக்கலாம்.

இங்கிலீஷில் அவருக்கு நன்றாகப் புரிந்த வார்த்தை ஒன்று உண்டு, ‘ஜெனரல்’. இங்கிலாந்து அரசாங்கம் அவரை சக்ரவர்த்தி என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. எல்லாக் காகிதத்திலும் ‘ஜெனரல் போனபார்ட்’. அந்த மே மாதம் இந்தியாவின் கவர்னர் ஜெனரலுடைய மனைவி லௌடன் சீமாட்டி கப்பலில் ஊர் திரும்பும் வழியில் தீவில் இறங்கினார். விருந்துக்கு வாருங்கள் என்று லோ ‘ஜெனரல் போனபார்ட்’டுக்கு அழைப்பு அனுப்பினார். நெப்போலியன் போகவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பட்டத்தைப் போடவில்லை என்று மண்டபப் பக்கமே எட்டிப் பார்க்காத பெரியப்பாக்கள் எந்த ஊரில்தான் இல்லை?

இந்தச் சண்டை அவரோடு முடியவும் இல்லை. 1821 மே 5ஆம் தேதி அவர் இறந்தபோது கல்லறைக் கல்லில் ‘நெப்போலியன்’ என்று மட்டும் போடவேண்டும் என்றார்கள் பிரெஞ்சுக்காரர்கள், ராஜாக்களுக்குப் போடுவதுபோல. ‘போனபார்ட்’டையும் சேர்த்தால்தான் ஆச்சு என்றார் லோ. இருவரும் இறங்கி வரவில்லை. ஐரோப்பா முழுக்கத் தன் முதலெழுத்தைச் செதுக்கி வைத்த மனிதருக்குப் பெயர் இல்லாத கல்லைப் போட்டு மூடினார்கள்.

டியூஷனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். மாஸ்டரைப் போலீஸ் பிடித்துவிட்டது. ஜோக் அல்ல. 1816 நவம்பரில் லா காஸ் ரகசியக் கடிதங்களைப் பட்டுத்துணியில் எழுதி, ஒரு வேலைக்காரனின் உடுப்புக்குள் வைத்துத் தைத்து, ஐரோப்பாவுக்கு அனுப்பப் பார்த்தார். மாட்டிக்கொண்டார். மூட்டை முடிச்சோடு தீவை விட்டு வெளியேற்றினார்கள். வேண்டுமென்றேதான் மாட்டிக்கொண்டாரோ என்று சிலருக்குச் சந்தேகம். பத்து மாதம் அந்த இங்கிலீஷைத் திருத்தியவர் எப்படியாவது வெளியே போகத் துடித்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அவர் அங்கே சும்மா இருந்திருக்கவில்லை. சக்ரவர்த்தி வாயைத் திறந்தபோதெல்லாம் குறித்து வைத்துக்கொண்டே இருந்தார். பறிமுதல் ஆன அந்தக் குறிப்புகள் நெப்போலியன் இறந்தபிறகு கைக்குத் திரும்பி வந்து, 1823ல் ‘செயின்ட் ஹெலினா நினைவேடு’ என்று புத்தகமாயின. ஐரோப்பா முழுக்கப் பிய்த்துக்கொண்டு போனது, லா காஸ் பெரும் பணக்காரர் ஆனார். டியூஷன் ஃபீஸ் இப்படிக் கிடைத்த வாத்தியார் இன்னொருத்தர் இல்லை.

அவர் மகன் இமானுவேல் இன்னும் ஒரு படி மேல். 1822ல் லண்டன் போய், தெருவில் ஹட்சன் லோவைத் தேடிப் பிடித்து, குதிரைச் சவுக்கால் ஒன்று வைத்து, துணிவிருந்தால் சண்டைக்கு வா என்று கூப்பிட்டான். லோ வரவில்லை, பையன் ஃபிரான்சுக்குப் பறந்துவிட்டான். லாங்வுட் வகுப்பறையிலிருந்து வெளிவந்தவர்களில் இங்கிலீஷ்காரர் ஒருவரிடம் சொல்லவந்ததை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லி முடித்தவன் அவன் ஒருவன்தான்.

நடுராத்திரி இரண்டு மணிக் கடிதம் மட்டும் பத்திரமாக எங்கோ இருந்தது. 2012 ஜூனில் பாரிஸுக்குப் பக்கத்தில் ஃபோன்டேன்ப்ளோவில் அதை ஏலம் விட்டார்கள். அறுபதாயிரம், மிஞ்சினால் எண்பதாயிரம் யூரோ போகும் என்பது ஏலக்காரர்களின் மதிப்பு. பாரிஸின் கடிதங்கள், கையெழுத்துப் பிரதிகள் அருங்காட்சியகம் 325,000 யூரோ கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது. லா காஸ் அதை உட்கார்ந்து ஒழுங்காகத் திருத்திக் கொடுத்திருந்தால் பாதி விலைகூடப் போயிருக்காது.